உமிச் சாம்பலும் மருந்துக் கலமும்

கோச்சடையில் வைகைக் கரைமீது நின்று நோக்குவோர்க்கு வருஷத்தில் பல மாதங்கள் கண்ணிற்படுவது நீரன்று, மணல். அம்மணலிற் பெரும்பகுதி சிலிக்கா என்னும் பொருள். ஆற்றோடு மேற்கே சென்று சோழவந்தான் வயல்களை அடைந்தால், அதே சிலிக்கா வேறோர் உருவில் நம்மை எதிர்கொள்கிறது. நெற்பயிர் அதை மண்ணினின்று உறிஞ்சித் தன் உமியில் சேர்த்து வைக்கிறது. ஐந்து டன் உமியை எரித்தால் ஏறக்குறைய ஒரு டன் சாம்பல். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. அரிசி ஆலைக்காரருக்கு அது தீராத தொல்லை. புறம்போக்கிற் கொட்டுகிறார், காற்றடித்தால் ஊரார் கண்ணைக் கசக்குகின்றனர்.

யாரும் விலை கேளாத இப்பொருளைக் கொண்டு, மருந்தைச் சுமந்து சென்று உயிரணுவின் உள்ளேயே இறக்கிவைக்கும் நுண்கலங்களை உலக ரஸாயன நிபுணர்கள் சமைத்து வருகின்றனர். இச்செய்தியை வெறும் விந்தையாகப் படித்துவிட்டு நம்மவர் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது.

மருந்தை உடலுக்குள் செலுத்துதல் எளிது. சேரவேண்டிய இடத்திற் சேர்ப்பதே அரிது. புற்றுநோய்க்குத் தரும் கடுமருந்து நோயுற்ற அணுவையும் நோயற்ற அணுவையும் ஒருங்கே தாக்குகிறது. நோயாளியின் தலைமயிர் உதிர்வதும் வாயும் குடலும் புண்ணாவதும் இதனாலேயே. சில மருந்துகள் நீரிற் கரைவதில்லை. பிறவிக் குறையைத் திருத்தவல்ல மரபணுவையோ அப்படியே ரத்தத்தில் விட்டால் வழியிலேயே சிதைந்துவிடும். தப்பிச் சென்றாலும் உயிரணுவின் மேற்சவ்வு அதனை ஏற்காது. இரண்டும் ஒரே வகை மின்னேற்றம் உடையவையாதலின் ஒன்றையொன்று விலக்கும்.

இவ்விடத்தில்தான் சிலிக்காத் துகள் துணைக்கு வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். துகளின் அளவு சுமார் 100 நானோமீட்டர். அதனுள் 2 அல்லது 3 நானோமீட்டர் அகலத்தில், தேன்கூட்டின் அறைகள்போல் வரிசை வரிசையாகத் துளைகள். ஒரு கிராம் பொடியின் உட்சுவர்களையெல்லாம் விரித்து அளந்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நமது பட்டாவின் மொழியிற் கூறின், இருபத்தைந்து சென்ட் நிலம்! அவ்வளவும் மருந்து தங்கும் இடம்.

துளைகளை அமைக்கும் உபாயம் சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு வியப்பளிக்காது. சோப்புப் போன்றதொரு பொருளின் மூலக்கூறுகள் நீரில் சிறுசிறு கோல்களாகத் திரள்கின்றன. அவற்றைச் சுற்றிச் சிலிக்கா உறைகிறது. பின்னர் அப்பொருளை எரித்தோ கழுவியோ நீக்கினால், மெழுகு உருகி ஓடிய அச்சில் வெற்றிடம் நிற்பதுபோலத் துளை நிற்கிறது. இத்துகளை உயிரணு தன் சவ்வை உள்மடித்து விழுங்குகிறது. விழுங்கிய பையில் புளிப்புத் தன்மை ஏறும். புளிப்புப் பட்டதும் திறக்கும்படி துளைக்கு மூடி இட்டிருந்தால் மருந்து அங்கேயே வெளிப்படும். சிலிக்கா மெல்லக் கரைந்து சிறுநீருடன் கழியும்.

1992-ல் இத்துளைப் பொருளை உலகுக்கு அறிவித்தவர்கள் வைத்தியர்களல்லர். பெட்ரோலியத்தைப் பிரிக்க வழி தேடிய அமெரிக்க மோபில் எண்ணெய்க் கம்பெனியார். 2001-ல் மாட்ரிட் நகரத்து மரியா வாலெட்-ரெகி குழுவினர் இபுப்ரோஃபென் என்னும் வலி மருந்தை அதனுள் ஏற்றிச் சிறிது சிறிதாக வெளிவரச் செய்தனர். 2005-ல் அமெரிக்காவிலுள்ள பஃபலோ சர்வகலாசாலையில், வேறுவகைச் சிலிக்காத் துகளில் மரபணுவை ஏற்றி, வைரஸின் துணையின்றியே சுண்டெலியின் மூளை அணுக்களுக்குள் செலுத்தினர். அதை நடத்தியவர் பிகாரில் பயின்ற பாரஸ் பிரசாத். குழுவில் இருந்தவர் பின்னர் டில்லி சர்வகலாசாலையில் ஆசிரியரான இந்திரஜித் ராய். மூளை நம்முடையது, சோதனைச்சாலை பிறருடையது என்ற பழங்கதைதான்.

நம் மாகாணத்தார் கைகட்டி நின்றனர் என்று கூறுவது நியாயமாகாது. திருச்செங்கோடு கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியினர் உமியிலிருந்தே நுண் சிலிக்கா எடுத்து மக்காச்சோளப் பயிருக்கு இட்டுப் பார்த்து, 2012-ல் முடிவுகளை வெளியிட்டனர். அது பயிருக்கு ஊட்டம், மருந்தேற்றும் வேலையன்று. ஆயினும் சாம்பலிலிருந்து துகள்வரை வழி திறந்துவிட்டது.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோக உரிமை தரவில்லை, செய்முறைக்கே தந்தது. நமது மருந்துத் தொழில் வளர்ந்தது அதன் நிழலில். 2005-ல் அந்நிழல் நீங்கியது. எஞ்சியுள்ள வேலி 3-வது பிரிவின் ‘டி’ உட்பிரிவு. அறிந்த பொருளின் புதிய உருவம் குணத்தில் கணிசமாக மேம்பட்டாலன்றிப் பழைய பொருளாகவே கருதப்படும் என்கிறது அது. அதன் விளக்கத்தில் துகளின் அளவும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. 2013-ல் நோவார்ட்டிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, குணம் என்பது நோய் தீர்க்கும் குணமே என்று தீர்ப்பளித்தது. பழைய மருந்தைப் புதுக்கலத்தில் இட்டு வருவோர் நாளை இந்த வேலியண்டைதான் வாதாடுவர். கலம் மெய்யாகவே நோயாளியைக் காக்குமாயின் அவர்கள் வெல்வர், வெல்வதும் முறையே. அப்போது வேலியை நம்பிச் சும்மா இருந்தவர்களுக்கு என்ன மிஞ்சும்?

இதற்கு விடை மதுரையிலேயே இருக்கிறது. கண்ணில் பொருத்தும் லென்ஸ் அயல்நாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டாப் பொருளாயிருந்தது. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியார் 1992-ல் ஆரோலேப் ஸ்தாபனத்தை நிறுவி இங்கேயே செய்யத் தொடங்கியபின் விலை சரிந்தது. வழக்காடியன்று, செய்து காட்டியே விலையை இறக்கினர்.

ஆனால் அவசரக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. ரத்தத்திற் செலுத்தும் சிலிக்காக் கலங்கள் இன்னும் பரிசோதனைக் கட்டத்தில் இருப்பவை. சிலிக்காவிலும் இரு ஜாதி உண்டு. ஆற்றுமணலைப் போன்ற படிக உருவம் நுண்தூசியாகி மூச்சில் ஏறினால் நுரையீரலைக் கெடுக்கும். கல்லுடைப்போர் இதற்கு இரையாகி வருகின்றனர். மருந்துக்கு உகந்தது படிகமாகாத உருவம். உமியை நீர்த்த அமிலத்திற் கழுவி, சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்தால் அது கிடைக்கும். வெப்பம் மிக ஏறினால் அதே சாம்பல் படிகமாகிவிடும். திறந்த வெளியில் கண்டபடி கொளுத்தும் உமிக்கு இந்தக் கணக்கு ஏது? வெப்பத்தை அளந்து காக்கும் உலை ஒன்றும், அதனருகில் ரஸாயனம் பயின்ற இளைஞர் இருவரும் போதும். கோச்சடைக்கு மேற்கே எந்த ஆலை முற்றத்திலும் முதற்படியைத் தொடங்கலாம்.