கல்லாகும் ஈரல்

கல்லீரல் என்பது பெயரளவிலேதான் கல். ஆரோக்கியமான தேகத்தில் அது மிருதுவானது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. பெயருக்கேற்ப அது மெய்யாகவே இறுகத் தொடங்கும்பொழுதுதான் ஆபத்து.

நம்முடன் பல்லாண்டு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் மதுவை முகர்ந்தும் பாராதவர். நீரிழிவுக்காகப் பரிசோதனைக்குச் சென்றவரிடம், ஈரலில் வடு ஏறியிருப்பதாக வைத்தியர் தெரிவித்தார். நோயைக் காட்டிலும் அவரை வாட்டியது ஊராரின் பேச்சே. "குடியாதவனுக்கு ஈரல் கெடுமோ?" என்று ஐயுற்றவர்களுள் நாமும் இருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அப்பிழைக்குப் பிராயச்சித்தமாகவே இவ்விஷயத்தை ஆராயப் புகுந்தோம்.

மது ஒரு காரணமே, ஒரே காரணமன்று. 'பி', 'சி' என்னும் இருவகை வைரஸ்கள், நீரிழிவு, உடற்பருமன், இவற்றால் ஈரலில் படியும் கொழுப்பு ஆகியனவும் அதே கேட்டை விளைவிப்பன. வழிகள் பலவாயினும் சென்று சேரும் இடம் ஒன்றே. அவ்விடத்தில் இருப்பது ஒரு நுண்ணிய ஸெல்.

1876-ம் வருஷம் ஜெர்மானிய அறிஞர் குப்பர், ஈரலில் நட்சத்திர வடிவமான ஸெல்களைக் கண்டார். பிற்பாடு அவரே அவற்றை வேறு ஸெல்களுடன் குழப்பிவிட்டார். 1971-ம் வருஷத்தில் ஜப்பானிய அறிஞர் வாக்கே அந்தக் குழப்பத்தைத் தீர்த்து, தேகத்தின் 'ஏ' வைட்டமினைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் இந்த நட்சத்திர ஸெல்களே என்று நிலைநாட்டினார்.

களஞ்சியக் காவலர் எவ்வாறு கேடு செய்வோர் ஆயினர்? ஏரிக்கரை உடைந்தால் பறை ஒலிக்கும். குடிகள் மண்வெட்டியுடன் ஓடி வருவர். ஈரலிலும் அவ்வாறே. ஸெல்கள் காயமுற்றதும் சமிக்ஞைகள் பிறக்கின்றன. அவற்றுள் தலையாயது டி.ஜி.எப்.-பீட்டா என்னும் புரதம். அது நட்சத்திர ஸெல்லின் மேற்புறத்தைத் தொட்டவுடன், 'ஸ்மாட்' என்னும் தூதுவர்கள் செய்தியை ஸெல்லின் உட்கருவுக்குச் சுமந்து செல்கின்றனர். நட்சத்திர ஸெல் தன் வைட்டமினை இழந்து, கொலாஜன் என்னும் நார்ப்பொருளைக் கொட்டத் தொடங்குகிறது. பி.டி.ஜி.எப். என்னும் மற்றொரு சமிக்ஞை அந்த ஸெல்களைப் பல்கச் செய்கிறது. காயம் ஓயாதாயின் பறையும் ஓயாது. கரை அடைபட்ட பின்னரும் மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தால் ஏரியே தூர்ந்துபோகுமன்றோ?

அங்ஙனமாயின் பறையை நிறுத்திவிடலாகாதா? டி.ஜி.எப்.-பீட்டா புற்றுநோயைத் தொடக்கத்தில் அடக்குவதும், அழற்சியைக் கட்டுப்படுத்துவதுமாகிய நற்பணிகளையும் செய்வதால், தேகம் முழுவதிலும் அதை அடக்குவது அபாயம். ஸெல்லுக்குள் செய்தி செல்லும் மற்றொரு வழியை மறித்த ஸெலோன்ஸெர்டிப் என்னும் மருந்து, 2019-ம் வருஷத்துப் பெரும் பரிசோதனைகளில் தோல்வியுற்றது.

பறைக்குக் காரணமான உடைப்பையே அடைக்கும் வழியில்தான் இதுவரை வெற்றி கிட்டியிருக்கிறது. 'சி' வைரஸைப் பெரும்பாலோரிடம் அறவே ஒழிக்கும் மாத்திரைகள் உள்ளன. ஈரற் கொழுப்பைக் கரைக்கும் ரெஸ்மெட்டிரம் என்னும் மருந்துக்கு 2024-ம் வருஷத்திலும், எடையைக் குறைக்கும் ஸெமாக்ளூடைட் என்னும் மருந்துக்கு 2025-ம் வருஷத்திலும், ஈரல் முற்றும் இறுகுமுன் வழங்குவதற்கு அமெரிக்கா அனுமதியளித்தது.

வடு ஏறினால் இறங்காது என்பது பழைய கொள்கை. அது இப்பொழுது மாறிவிட்டது; வடு இறங்கும் விதத்தை 2012-ம் வருஷத்தில் எலிகளிடம் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. காயம் நின்றதும், நார் கொட்டிய ஸெல்களுள் ஏறத்தாழப் பாதி மடிந்தன; எஞ்சியவை அமைதிக்குத் திரும்பின. மனிதரிலும், உடல் எடையில் பத்திலொரு பங்கைக் குறைத்தவர்கள் பலருக்கு வடு குறைந்திருக்கிறது. ஆனால், முற்றிய வடு எளிதில் மாறுவதில்லை. காலத்தே அறிதலே முக்கியம்.

நம் நண்பர் இப்பொழுது நாள்தோறும் விடியலில் நடக்கிறார். நாமும் உடன் நடக்கிறோம். ஈரல் நோயாளி ஒருவரைக் கண்டால் "குடித்தாரோ?" என்று இப்பொழுது நாம் கேட்பதில்லை, "பரிசோதித்தீர்களா?" என்றே கேட்கிறோம்.