வீடு சொந்தம், மனை வாடகை



அமெரிக்காவில் குறைந்த வருமானமுள்ள ஒரு சாராருக்கு நகர மன்றங்கள் வழங்கும் வாடகை உதவியைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். அந்தச் சாரார் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் அல்லர். சொந்த வீட்டுக்காரர்கள். சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகை உதவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியிலேயே விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அங்கே ‘மொபைல் ஹோம்’ என்று ஒருவகை வீடு உண்டு. நடமாடும் வீடு என்று தமிழில் சொல்லலாம். கல்லும் சிமெண்டும் கொண்டு மனையில் கட்டப்படும் வீடு அன்று இது. தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின்மேல் முழு வீட்டையும் செய்து, அடியில் சக்கரம் பூட்டி, லோரியால் இழுத்து வந்து மனையில் நிறுத்துவார்கள். படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். இத்தகைய வீடுகளின் பாதுகாப்புக்கென 1974ஆம் ஆண்டு நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி வகுத்த கட்டுமான விதிகள் 1976ஆம் ஆண்டு சூன் மாதம் நடைமுறைக்கு வந்தன. சாதாரண வீட்டைவிட விலை மிகக் குறைவாக இருப்பதால் ஏழை எளியோரும் ஓய்வு பெற்ற முதியோரும் இவற்றை வாங்கினார்கள். இன்று ஏறத்தாழ 2 கோடிப் பேர் இவ்வகை வீடுகளில் வாழ்கிறார்கள்.

இவர்களுள் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. ஆகவே நூறு, இருநூறு வீடுகளை வரிசையாக நிறுத்துவதற்கென்றே அமைந்த ‘மொபைல் ஹோம் பார்க்’ என்னும் இடத்தில் ஒரு மனையை வாடகைக்கு எடுக்கிறார்கள். பார்க் என்றதும் ஊஞ்சலும் பூச்செடியும் நிறைந்த பூங்காவை நினைத்துவிட வேண்டாம். அது தனியார் ஒருவரின் நிலம். சாலை, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் ஆகிய வசதிகளைச் செய்து கொடுத்துவிட்டு, மாதந்தோறும் மனை வாடகை வசூலிக்கிறார் நில உரிமையாளர்.

வீடு ஒருவருக்கு, நிலம் வேறொருவருக்கு. நம் தோட்டத்து லயங்களை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். லயத்தில் வீடும் நிலமும் நிருவாகத்துக்கே சொந்தம். போகச் சொன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். வருத்தம்தான், ஆனால் விட்டுச் செல்லச் சொந்தச் சுவர் என்று ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் பார்க்கில் இருப்பவரோ தம் வாழ்நாள் சேமிப்பையெல்லாம் அந்த வீட்டில் போட்டிருக்கிறார். அதை மூட்டை கட்ட முடியாது.

சக்கரம் இருக்கிறதே, இழுத்துச் செல்லலாமே என்று தோன்றும். பெயரில்தான் நடமாட்டம் இருக்கிறது. ஒருமுறை மனையில் நிறுத்தியபின் சக்கரத்தைக் கழற்றிவிடுவார்கள். வெளியே தாழ்வாரமும் படிக்கட்டும் சேர்ப்பார்கள். மறுபடி கிளப்புவதற்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். பழைய வீடானால் வழியிலேயே உடைந்து போகலாம். உடையாமல் போய்ச் சேர்ந்தாலும், 1976க்கு முன்பு செய்த வீட்டைப் பெரும்பாலான பார்க்குகள் உள்ளே விடுவதில்லை. ஆக, வீட்டின் உரிமையாளர் அசைய முடியாதவர். நிலத்தின் உரிமையாளருக்கு இது நன்றாகத் தெரியும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் வாடகை உயர்ந்தால் வேறிடம் பார்ப்பேன் என்று சொல்லலாம். இவரால் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மனை வாடகை உயர உயர, வீட்டின் விற்பனை விலை இறங்குகிறது. மாதம் 400 டாலர் மனையில் நிற்கும் வீட்டை வாங்க ஆள் வருவார்கள். அதே வீடு 1,000 டாலர் மனையில் நின்றால் யார் வருவார்? ஆகவே வாடகை கட்ட முடியாமல் விற்றுவிடலாம் என்று நினைக்கும் நேரத்தில் வீட்டுக்கு விலை இருப்பதில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் வாடகையை உயர்த்துமுன் 90 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் உள்ளது. 90 நாளில் ஓய்வூதியம் உயர்ந்துவிடாது. வாடகை பாக்கி நின்றால் முதலில் 3 நாள் கெடு, அதன்பின் 60 நாளில் மனையைக் காலி செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு. 70, 80 வயதில் ஒரு மூதாட்டி அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது அவர் இழப்பது குடியிருப்பை மட்டுமன்று, தம் ஒரே சொத்தையும்தான்.

இதற்கு உள்ளாட்சி அமைப்புகள் இரண்டு வகையில் பரிகாரம் தேடின. ஒன்று, வாடகைக்கு உச்சவரம்பு கட்டுவது. கலிபோர்னியாவில் ஏறத்தாழ நூறு நகரங்களும் கவுண்டிகளும் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. எஸ்கொண்டிடோ என்ற நகரத்து வாக்காளர்கள் 1988இல் மனை வாடகையை 1986ஆம் ஆண்டு நிலைக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். நில உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். இது தம் நிலத்தை அரசு பறித்துக்கொண்டதற்குச் சமம் என்று வாதாடினார். நாட்டின் உச்ச நீதிமன்றம் 1992இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் எல்லா நகரங்களும் உச்சவரம்பை விரும்புவதில்லை. ஹண்டிங்டன் பீச் என்னும் கடற்கரை நகரத்தின் சாசனமே வாடகைக் கட்டுப்பாட்டைத் தடை செய்கிறது. அத்தகைய நகரங்களுக்கு இரண்டாவது வழிதான் மிஞ்சுகிறது. அதுவே வாடகை உதவி.

உதவி எப்படிக் கணக்கிடப்படுகிறது? 1937ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவின்கீழ் நடுவண் அரசு பணம் தருகிறது. உள்ளூர் வீடமைப்பு வாரியம் அதை வழங்குகிறது. குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் கொடுக்க வேண்டும். மீதியை வாரியம் கொடுக்கும். முதியோரின் மருத்துவச் செலவு போன்றவற்றை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் வழி உண்டு.

கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நானே வைத்துக்கொண்டவை. ஒரு மூதாட்டிக்கு மாதம் 1,200 டாலர் ஓய்வூதியம். மனை வாடகை 900. தண்ணீர், மின்சாரம் 100. மொத்தச் செலவு 1,000. உதவியின்றிக் கட்டினால் உணவுக்கும் மருந்துக்கும் அவர் கையில் நிற்பது 200 டாலர். இப்போது 30 விழுக்காடு என்றால் 360. வாரியம் அவ்வட்டாரத்துக்கு வைத்திருக்கும் உச்சத் தொகை 1,000 என்று கொள்வோம். அதில் 360ஐக் கழித்தால் 640. அந்த 640 டாலர் அம்மையாரின் கைக்கு வராமல் நேரே நில உரிமையாளருக்குச் செல்லும். அம்மையாரின் கையில் 840 நிற்கும்.

சரி, அடுத்த ஆண்டு உரிமையாளர் வாடகையை 100 டாலர் உயர்த்துகிறார். உச்சத் தொகை மாறவில்லை. வாரியம் முன்போலவே 640தான் கொடுக்கும். கூடுதல் 100 டாலர் அம்மையாரின் தலையில் விழும். அதற்கு அடுத்த ஆண்டு வாரியம் மனமிரங்கி உச்சத் தொகையை உயர்த்தினால், அந்த 100 டாலர் வரிப்பணத்திலிருந்து நில உரிமையாளரிடம் போகும். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்த ஏற்பாடு நீண்ட காலம் மனை வாடகையை மட்டுமே கவனித்தது. வீடு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்டுபவர்கள் என்ன செய்வார்கள்? 2016இல் இயற்றிய ஒரு சட்டம் அந்தத் தவணையையும், சொத்து வரியையும், காப்புறுதிக் கட்டணத்தையும் வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது. நல்ல திருத்தம்தான். ஆனால் நடுவண் அரசின் வாடகை உதவிக்குத் தகுதி பெற்ற குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே அது கிடைக்கிறது. மற்றவர்கள் ஆண்டுக் கணக்கில் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறார்கள்.

அந்த மூன்று பங்குப் பேருக்காகத்தான் சில நகர மன்றங்கள் தாமே திட்டம் வகுக்கின்றன. பணம் எங்கிருந்து வரும் என்பது அவற்றின் தீராத தலைவலி. ஒரு காலத்தில் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 400 மறுசீரமைப்புக் கழகங்கள் இருந்தன. பழைய வட்டாரங்களைப் புதுப்பிப்பதால் உயரும் சொத்து வரியிலிருந்து அவற்றுக்குப் பங்கு கிடைத்தது. அதில் 20 விழுக்காட்டை எளியோரின் வீடமைப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். மாநில அரசு வரவு செலவில் பற்றாக்குறை வந்தபோது அந்தக் கழகங்களை மூடச் சட்டம் செய்தது. 2012 பிப்ரவரி முதல் நாளோடு அவை கலைந்தன. நகரங்களின் வீடமைப்புக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த ஊற்று அன்றே அடைபட்டது.

இப்போது பல நகரங்கள் நம்பியிருப்பது 1990இல் நடுவண் அரசு ஏற்படுத்திய ‘ஹோம்’ என்னும் நிதியை. இதிலிருந்து வாடகை உதவி கொடுக்கலாம். மனை வாடகைக்கும் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை, ஓர் ஒப்பந்தம் 24 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. நிதி இருந்தால் புதுப்பிக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் வேலை தேடிக்கொண்டு சொந்தக் காலில் நிற்கக்கூடிய இளைஞனுக்கு இது பொருந்தும். 78 வயது அம்மையாருக்கு 25ஆவது மாதம் என்ன வருமானம் கூடிவிடப் போகிறது? இந்த விதியை எழுதியவர்கள் முதியவர்களை நினைத்து எழுதவில்லை என்றே எனக்குப் படுகிறது. கொரோனா காலத்தில் நடுவண் அரசு தந்த அவசர வாடகை உதவியும் இவ்வாறே வந்து போயிற்று. முதல் தவணையே 2,500 கோடி டாலர். மனை வாடகைக்கும் அதிலிருந்து கொடுத்தார்கள். பிறகு அது நின்றுவிட்டது.

நடந்த ஒன்றைச் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். 1955இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்ட ஆனஹெய்ம் நகரத்தை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். அதற்கும் பக்கத்து நகரமான ஃபுல்லர்ட்டனுக்கும் நடுவில் ராஞ்சோ லா பாஸ் என்னும் முதியோர் பார்க் ஒன்று இருக்கிறது. இரு நகரங்களின் எல்லைக்கோடு அந்தப் பார்க்கின் ஊடே செல்கிறது. 2019இல் பார்க் கைமாறியது. புதிய உரிமையாளர் வாடகையைப் பெருமளவு உயர்த்தப் போவதாக அறிவிப்பு வந்தது. முதியவர்கள் கைத்தடியோடும் தள்ளுவண்டியோடும் நகர மன்றத்தின் படியேறினார்கள். ஆனஹெய்ம் நகரம் வாடகைக்கு உச்சவரம்பு கட்டவில்லை. வருமானம் மிகக் குறைந்த முதியோருக்கு வாடகை உதவித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது.

ஒரு நகர மன்றம் தன் எல்லைக்குள் இருப்போருக்கே உதவ முடியும். ஒரே வாயில், ஒரே உரிமையாளர், ஒரே வாடகை உயர்வு. ஆனால் ஒருவருக்குக் கிடைக்கும் உதவி எதிர்ச்சாரியில் இருப்பவருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கோட்டுக்கு அப்பால் இருப்பவர் வேறொரு மன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும். முடிவில் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகரங்களின் எல்லைக்குள் பரவிக் கிடக்கும் பார்க்குகளில், ஆண்டுக்கு விலைவாசி உயர்வோடு 3 விழுக்காடு, எப்படியானாலும் 5 விழுக்காட்டுக்கு மேல் போகாமல்தான் வாடகையை உயர்த்தலாம் என்று 2021இல் சட்டம் வந்தது. ஒரு நகருக்குள் மட்டும் அடங்கிய பார்க்குகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

இங்கேதான் முன்பு போட்ட கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். வாடகை எவ்வளவு உயர்ந்தாலும் உதவித் தொகை பின்னாலேயே ஓடி ஈடுகட்டும் என்றால், அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலாகும். உதவி பெறுபவரின் பெயர் ஏழை மூதாட்டி. பணம் போய்ச் சேரும் இடம் நில உரிமையாளரின் கணக்கு. அதற்காக உதவியே கூடாது என்று வாதிடுவோரோடும் நான் சேரமாட்டேன். உச்சவரம்பு மட்டும் இருந்தால், ஏற்கனவே கட்ட முடியாத வாடகையைக் கட்ட முடியாதவருக்கு அதனால் ஒரு காசும் வராது. வீட்டை இழந்து தெருவுக்கு வந்த முதியவரை மறுபடி ஒரு கூரையின்கீழ் சேர்க்க ஆகும் செலவு, மாதம் சில நூறு டாலர் கொடுத்து இருக்கும் வீட்டிலேயே இருக்கவிடும் செலவைவிட அதிகம். வாடகை உயர்வுக்கு ஒரு கட்டு, கட்ட முடியாதவருக்கு ஒரு கைத்தாங்கல், இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் வரிப்பணம் உரியவரைச் சேர்கிறது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மெரிடித் என்னும் ஊரில் 13 குடும்பங்கள் 1984இல் கூட்டுறவு அமைத்துத் தங்கள் பார்க்கின் நிலத்தையே வாங்கிவிட்டன. அதன்பின் வாடகையை முடிவு செய்வது அவர்களே. இம்முறை பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. ஆனால் நிலம் விற்பனைக்கு வர வேண்டும், கடன் கிடைக்க வேண்டும். கலிபோர்னியாவின் கடற்கரைப் பக்கத்து நில விலையில் அது எளிதன்று.

கடைசியாக, உதவி கேட்டுச் செல்பவர் எடுத்துச் செல்ல வேண்டிய தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வூதியச் சான்று, வங்கிக் கணக்கு, மனை வாடகை ஒப்பந்தம் ஆகியவை பெரும்பாலோரிடம் இருக்கும். வீடு தம்முடையது என்பதற்கான பத்திரத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கலிபோர்னியாவில் இந்த வீடுகள் முன்பு மோட்டார் வண்டிகளைப்போல் வண்டிப் பதிவு இலாகாவில் பதிவாகின. 1981இல்தான் அப்பொறுப்பு வீடமைப்பு இலாகாவுக்கு மாறியது. கணவர் பெயரில் இருந்ததை மனைவி பெயருக்கு மாற்றாமல் விட்டவர்கள், கைமாற்றாக வாங்கிப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். பாக்கி நின்ற வரியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு ஏறி, பதிவு செய்யப் போவதற்கே அஞ்சினார்கள். மாநில அரசு 2017 முதல் சில ஆண்டுகளுக்கு அந்தப் பழைய பாக்கிகளைத் தள்ளுபடி செய்து, பத்திரத்தைப் பெயர் மாற்றிக்கொள்ள வாய்ப்பளித்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர்களால் இன்று விண்ணப்பத் தாளில் ‘வீட்டின் உரிமையாளர்’ என்ற இடத்தில் தங்கள் பெயரை எழுத முடிகிறது.