புகார் கொடுக்காதவர்தான் அவர்களுக்கு வேண்டும்

பணம் பறிபோனது தெரிந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், பறித்தவனுக்கே போன் போடுவது. "சார், பணம் வரலையே?" "சர்வர் பிரச்சினை மேடம், நாளைக்கு வந்துடும்." இரண்டாவது காரியம், வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைப்பது. இரண்டு நாள் கழித்து வங்கி மேலாளர் முன்னால் போய் அழுவது மூன்றாவது. காவல்துறைக்கு நான்காவது இடம்தான். அதற்குள் அந்தப் பணம் பல கணக்குகள் தாண்டி, எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்திருக்கும்.

இந்த வரிசை மோசடிக்காரனுக்கு முன்கூட்டியே தெரியும். அவன் ஆள் தேடுவதே இதை வைத்துத்தான்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கோர்மாக் ஹெர்லி 2012-இல் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். நைஜீரியாவில் கோடிக்கணக்கில் சொத்து கிடக்கிறது என்று உலகமே சிரிக்கும் கதையை ஏன் இன்னும் மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள்? அவர் கண்ட விடை எளிமையானது. லட்சம் பேருக்கு அனுப்ப அவர்களுக்குச் செலவே இல்லை. பதில் போடுகிறவரோடு வாரக்கணக்கில் பேசுவதில்தான் நேரமும் உழைப்பும் போகிறது. பாதியில் சந்தேகப்பட்டு விலகுகிறவரால் நஷ்டம். ஆகவே கதை அபத்தமாக இருப்பது அவர்களுக்கு நல்லது. சந்தேகப் பேர்வழிகள் முதல் வரியிலேயே கழன்றுகொள்ள, சல்லடையில் தங்குகிறவர்களை மட்டும் கவனித்தால் போதும்.

சென்னை அமைந்தகரையில் இயங்கிய ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வட்டி என்றது. மாதம் 25 என்றால் வருடத்தில் போட்ட பணத்தைப் போல் மூன்று மடங்கு! பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனங்களே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. இதைத் தெரிந்தவர் ஒதுங்கிப் போனார். ஒதுங்காத சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டது. இவர்களெல்லாம் படிக்காதவர்கள் என்று நினைத்தால் தவறு. ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள், ஏன், காவலர்கள்கூட இப்படிப்பட்ட நிறுவனங்களில் பணம் போடுகிறார்கள். பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை முதலீட்டுத் திட்டத்துக்குச் சினிமா நட்சத்திரங்கள் விளம்பரம் செய்ததும், 2012-இல் அது கவிழ்ந்ததும் அதற்குள் மறந்துபோயிற்று.

நம்புகிறவர்களைப் பொறுக்கி எடுத்த பிறகு இன்னொரு பொறுக்கல் உண்டு. புகார் கொடுக்க முடியாதவர் யார்? "டிஜிட்டல் கைது" என்று வீடியோ அழைப்பில் மிரட்டுகிறவன் தனியாக வசிக்கும் முதியவரிடம் முதலில் சொல்வது, "இதை யாரிடமும் சொல்லக் கூடாது" என்பதுதான். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தக் காவல் அதிகாரியும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்ய முடியாது.

அரசியலிலும் இதே கணக்குதான். 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 20 ரூபாய் நோட்டு டோக்கனாகக் கொடுக்கப்பட்டதாகவும், தேர்தல் முடிந்து நோட்டைக் காட்டினால் பெரிய தொகை கிடைக்கும் என்று சொல்லப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. பணம் வராமல் போனால் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆவது பிரிவின்படி குற்றம். வாங்கியவர் வாயைத் திறந்தால் அவரும் குற்றவாளி. இதைவிடப் பாதுகாப்பான வாடிக்கையாளர் யாருக்குக் கிடைப்பார்?

அரசு வேலைக்குப் பணம் கொடுத்தவர்களின் நிலையும் இதுதான். முன்னாள் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஒருவர் மீதான வேலைக்குப் பணம் வாங்கிய வழக்கில், பணம் கொடுத்தவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் சமரசம் செய்துகொள்ள, உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அந்தச் சமரசத்தை ஏற்க மறுத்து, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. கொடுத்த பணம் கைக்கு வந்தால் போதும் என்று ஒதுங்குவோர் எப்போதும் உண்டு. இந்த வியாபாரத்துக்கு முதலீடே அவர்கள்தான்.

இனி, செய்ய வேண்டியது.

இணைய வழியிலோ போனிலோ பணம் போயிருந்தால் முதல் அழைப்பு 1930-க்கு. வங்கிக்கு இரண்டாவது. மருமகனைக் கலந்து பேசுவதெல்லாம் பிறகு. கையில் இருக்க வேண்டியவை: பரிவர்த்தனை எண், அதாவது வங்கிக் குறுஞ்செய்தியில் வரும் யு.டி.ஆர். எண், தேதி, நேரம், தொகை, எந்தக் கணக்குக்கு அல்லது யு.பி.ஐ. முகவரிக்குப் போனது என்ற விவரம். உரையாடல்களை அழிக்கக் கூடாது. அவமானத்தில் முதலில் அழிப்பது அதைத்தான், அழிக்கவே கூடாது. அன்றே cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிந்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிர்க்கணக்கில் பணம் மிச்சமிருந்தால் முடக்கப்படும். முடக்கப்பட்டது என்று தகவல் வந்ததும் பலர் தானாகத் திரும்பிவிடும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பொதுவாக அது தானாகத் திரும்பாது. குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-ஆவது பிரிவின் கீழ் மனு போட்டு, விடுவிக்கும் உத்தரவைப் பெற வேண்டியிருக்கலாம்.

ஓ.டி.பி. எதையும் பகிராமலேயே கணக்கிலிருந்து பணம் போய், தவறு மூன்றாம் தரப்பிடம் இருந்தால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் புகார் கொடுத்தவருக்கு நஷ்டமே இல்லை. வாயால் சொன்னதோடு நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது பதில் திருப்தி தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

காவல் நிலையத்தில் கிடைக்கும் உபசாரம் தனிக்கதை. "இது எங்க லிமிட் இல்லை" என்பார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. இல்லையென்றால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் திணித்து அனுப்புவார்கள். சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. முதல் தகவல் அறிக்கை பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் அசையவில்லையென்றால் நடுவர் நீதிமன்றம்.

டெபாசிட் மோசடிக்குப் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சென்னை, கோவை, மதுரையில் தனி நீதிமன்றங்கள் உள்ளன. முடக்கிய சொத்துகளைப் பொறுப்பேற்கும் அதிகாரி பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர். ஏலம் விட்டு வரும் தொகை முதலீட்டாளர்களுக்கு விகிதப்படி பிரிக்கப்படும். புகாரோடு பெயரையும் தொகையையும் பதியாதவர் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது கடினம். இங்கேதான் ஜனங்கள் கோட்டை விடுகிறார்கள். "கேஸ் போட்டால் கம்பெனி மூடிடும், பணம் வராது" என்று முகவர் சொல்வதை நம்பிக் காத்திருக்கிறார்கள். கோவையில் மைவி3 ஆட்ஸ் என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவான பிறகு, 2024 ஜனவரியில் நீலாம்பூர் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கூடியது அதற்கு ஆதரவாக.

காலம் ஆகும், உண்மைதான். திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் மோசடி 2009-இல் வெளிவந்தது. இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டில். அத்தனை வருடமும் அசல் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் பயன். பாண்டு, ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எதன் அசலையும் முகவரிடம் கொடுக்கக் கூடாது. "புதுப்பித்துத் தருகிறேன்", "மேலிடத்தில் காட்ட வேண்டும்" என்று கேட்டாலும் கூடாது. நகல் போதும்.

பணம் போடும் முன் பார்க்க ஓர் இடம் உண்டு: ரிசர்வ் வங்கியின் சசேத் தளம். அங்கே டெபாசிட் வாங்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. கம்பெனிப் பதிவுச் சான்றும் ஜி.எஸ்.டி. எண்ணும் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இரண்டுமே டெபாசிட் வாங்கும் அனுமதி ஆகாது. ஆகவே ஆகாது.

ஏமாந்தவர்களின் பெயரும் எண்ணும் கை மாறுவதுண்டு. ஒருமுறை நம்பியவர் மறுமுறையும் நம்புவார் என்பது அவர்கள் கணக்கு. சில மாதம் கழித்து ஒரு "வக்கீல்" அல்லது "பொருளாதாரக் குற்றப்பிரிவு அதிகாரி" பேசுவார். பணம் வந்துவிட்டது, முத்திரைத்தாள் செலவுக்கு மட்டும் பத்தாயிரம் அனுப்புங்கள் என்பார். காவல்துறையோ நீதிமன்றமோ போனில் அப்படிக் கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் 1930-இல் சொல்லிப் பதிய வேண்டும்.