‘ளரப’ என்னும் வினைச்சொல்

அரபுக் கல்லூரியில் சேரும் மாணவன் ஸர்ஃபு என்னும் சொல்லிலக்கணத்தில் முதன்முதலாக மனனம் செய்யும் வினைகளுள் ‘ளரப’ ஒன்று. நஹ்வு நூல்களிலோ ஸைத் என்பவர் அம்ரை அடித்துக்கொண்டே இருக்கிறார். நூற்றாண்டுகள் பல கடந்தும் அந்த அடி ஓய்ந்தபாடில்லை. எனவே ‘ளரப என்றால் அடித்தான்’ என்பது மாணவனின் நெஞ்சில் ஆழப் பதிந்துவிடுகிறது. பின்னர்த் திருக்குர்ஆன் விரிவுரைக்கு வரும்போது, இறைவன் உவமையை ‘அடித்தான்’ (14:24) என்று பொருள் சொல்லிவிட்டுத் திகைத்து நிற்பான்.

வ. புதுப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கத்து வயல்வெளிகளில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது. நாம் கதிர் அடிக்கிறோம், பயிருக்கு மருந்து அடிக்கிறோம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். வெயிலும் அடிக்கிறது, காய்ச்சலும் அடிக்கிறது. வினை ஒன்றே, அதனுடன் சேரும் பெயரே பொருளை முடிவு செய்கிறது. அரபியிலும் அவ்வாறே. அங்கு இடைச்சொல்லுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ தம் ‘முஃப்ரதாத்’ அகராதியில், ஒரு பொருளை மற்றொன்றின் மீது படச்செய்வதே இச்சொல்லின் மூலப்பொருள் என்கிறார். முளைகளைச் சம்மட்டியால் அறைவதால் கூடாரம் ‘அடிக்கப்படுகிறது’. தமிழிலும் நாம் கூடாரம் அடிக்கத்தானே செய்கிறோம்! நிலத்தைக் காலால் மிதித்துச் செல்வதால் பயணத்துக்கும் இதே வினை. ஆனால் அப்போது ‘ஃபீ’ என்னும் இடைச்சொல் உடன்வரும் (4:101, 73:20). நாணயம் அச்சிடப்படுவதிலிருந்து உவமை கூறுதல் பிறந்தது என்பது அவர் கருத்து. சொல் உள்ளத்தில் முத்திரையாகப் பதிகிறதல்லவா? குகைவாசிகளின் செவிகளை மூடி உறங்கவைத்ததும் (18:11), முந்தானையை மார்பின் மீது போட்டுக்கொள்வதும் (24:31) இதே வினைதான். ‘அன்’ சேர்ந்தால் விலக்குதல் (43:5). கணக்கில் ‘ளர்ப்’ என்றால் பெருக்கல்.

இது வெறும் இலக்கணச் சுவைக்குரிய செய்தியன்று. கணவன் மனைவி பிணக்கைப் பற்றிய 4:34ஆம் வசனத்திலும் இவ்வினை வருகிறது. அமெரிக்காவின் லாலே பக்தியார் 2007இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில், அவ்விடத்தில் ‘அவர்களை விட்டு விலகிச் செல்லுங்கள்’ என்று பொருள் தந்தார். அவருடைய நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அப்பொருளுக்கு வேண்டிய இடைச்சொல் அங்கு இல்லை. மனிதர் நேரடிச் செயப்படுபொருளாக நிற்கின்றனர். முற்கால விரிவுரையாளர்கள் அடித்தல் என்றே கொண்டனர். நம் கூச்சத்துக்காக இலக்கணத்தை வளைப்பது நேர்மையாகாது.

ஆனால் அகராதியோடு நின்றுவிடுவதும் கல்வியாகாது. நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில், கடுமையற்றதாக என்று இதற்கு வரம்பு கட்டினார்கள். இறைவழிப் போரிலன்றி அவர்கள் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் கையால் அடித்ததே இல்லை என ஆயிஷா (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மக்காவின் பேரறிஞர் அதா இப்னு அபீ ரபாஹ், கணவன் மனைவியிடம் சினம் காட்டலாமேயன்றி அடிக்கலாகாது என்றார். மாலிகீ அறிஞர் இப்னுல் அரபீ தம் ‘அஹ்காமுல் குர்ஆனில்’ இதை எடுத்தெழுதி, அதாவின் நுண்ணறிவுக்குச் சான்று எனப் பாராட்டுகிறார்.

பாட நூலின் ஓரத்தில் ‘அடியுங்கள்’ என்று மட்டும் குறித்து வைத்திருக்கும் மாணவனை, அதன் கீழேயே ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பையும் அதாவின் கூற்றையும் எழுதச் செய்கிறேன். அதன் பிறகே அடுத்த வசனம்.