பகிர்வோரின் முகவரி: சகபாடிக் கோப்புப் பகிர்வும் அந்தரங்கமும்

நூலொன்றை இரவல் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிவர். மூன்றாமவர் அதனை அறியவேண்டிய தேவை இல்லை. தட்டச்சுப் பிரதிகளும் றோணியோப் பிரதிகளும் கைமாறிய காலத்திலும் இந்நிலையே இருந்தது. கணினிகளுக்கிடையே கோப்புக்களை நேரடியாகப் பகிரும் முறை தோன்றியபோது, அதனை இவ்விரவல் உறவின் விரிவாகவே பலரும் கருதினர். முற்போக்கு எண்ணம் படைத்தோர் அதனை விசேடமாக வரவேற்றனர். அறிவு ஒரு சில நிறுவனங்களின் களஞ்சியங்களில் அடைபட்டுக் கிடவாது, மக்கள் தாமே அதனைக் காத்துப் பரப்பும் வழி இது என்ற எண்ணம் அவ்வரவேற்பின் அடிப்படையாக இருந்தது. அவ்வெண்ணம் தவறானதென்று நாம் கொள்ளவில்லை. ஆயின், இம்முறை இயங்கும் விதத்தை நோக்குமிடத்து, ஒவ்வொரு பகிர்வும் முன்பின் அறியாதார் பலர் முன்னிலையில் நிகழும் பகிரங்கச் செயலாக இருத்தலைக் காணலாம். இவ்வேறுபாட்டை உணராது பகிர்வோர் அடையும் தீங்குகளையும், அவற்றைத் தவிர்க்கத்தக்க வழிகளையும் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண், சகபாடி முறை எனும் தொடரை விளக்குதல் அவசியம். வழமையான இணையச் சேவையில் ஒரு பெரிய வழங்கிக் கணினி கோப்பை வைத்திருக்க, ஏனைய கணினிகள் அதனிடமிருந்து பெற்றுக்கொள்ளும். சகபாடி முறையிலோ பெறுகின்ற ஒவ்வொரு கணினியும் கொடுக்கின்ற கணினியாகவும் தொழிற்படும். 1999 இல் ஷோன் ஃபனிங் உருவாக்கிய நப்ஸ்ரர் இதனைப் பெருவழக்காக்கியது. பாடல்கள் பயனாளரின் கணினிகளிலேயே இருந்தன. எவரிடம் எது உண்டு என்ற அட்டவணை மாத்திரம் நிறுவனத்தின் கணினிகளில் இருந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்கின் விளைவாக 2001 யூலையில் அச்சேவை நின்றுபோயிற்று. பின்வந்த முறைகள் பலவும் நடுவண் அட்டவணையைத் தளர்த்தவோ நீக்கவோ முற்பட்டன. 2001 இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிற்ரொறன்ற், பெருங்கோப்புக்களை விரைவாகப் பரப்பும் நோக்கில் எழுந்தது. இன்றளவும் நிலைபெற்றிருப்பது அதுவேயாதலின், எமது ஆராய்வும் பெரும்பாலும் அதனைப் பற்றியே அமைகின்றது.

பிற்ரொறன்ற் முறையில் ஒரு கோப்பு சிறு துண்டுகளாகப் பகுக்கப்படும். கோப்பைப் பெற விழையும் கணினி, அதே கோப்பில் ஈடுபட்டுள்ள ஏனைய கணினிகளின் கூட்டத்திற் சேர்ந்து, சிலரிடமிருந்து சில துண்டுகளைப் பெற்று, தான் பெற்றவற்றை வேறு சிலருக்குக் கொடுக்கும். கூட்டத்தில் யார் யார் உளர் என்பதை அறிய ஆரம்பத்தில் ஒரு பதிவேட்டுக் கணினி பயன்பட்டது. 2005 அளவில், அப்பதிவேட்டையும் பங்குபற்றும் கணினிகளிடையே பகிர்ந்துவைக்கும் வழி நடைமுறைக்கு வந்தது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2002 இல் வெளிவந்த கடெம்லியா என்னும் அமைப்பு அதன் அடிப்படையாகும். எவ்வாறாயினும், துண்டைக் கொடுப்பவருக்கு அதனை எங்கே அனுப்புவது என்று தெரிந்தாக வேண்டும். ஆதலின் ஒவ்வொருவரது ஐ.பி. இலக்கமும், அதாவது இணைய இணைப்பின் முகவரியும், கூட்டத்திற் சேரும் எவருக்கும் தெரியும். சேர்வதற்கு எவ்வித தகுதியும் வேண்டியதில்லை, கேட்டால் போதும். இதனை மென்பொருளின் குறைபாடென்று கூறல் பொருந்தாது. முகவரியின்றித் தபால் விநியோகம் நடைபெறாதவாறு, முகவரி வெளிப்படாது இம்முறையும் இயங்காது.

இவ்வெளிப்பாடு எத்துணை விரிவானது என்பதற்குப் பிரான்சிய ஆய்வு நிறுவகமான இன்றியாவைச் சேர்ந்தோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு தக்க சான்றாகும். அவர்கள் 103 நாட்களில் 14 கோடியே 80 இலட்சம் ஐ.பி. இலக்கங்களை, அவ்விலக்கங்கள் எந்தெந்தக் கோப்புக்களைப் பெற்றன என்ற விபரத்துடன் திரட்டினர். இதற்கு ஓர் அரசின் வளங்களோ பெருநிறுவனம் ஒன்றின் கருவிகளோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரேயொரு கணினியே போதியதாயிற்று. 2012 இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர், பலரும் விரும்பும் கோப்பொன்றின் கூட்டத்திற் சேரும் கணினி மூன்று மணி நேரத்துள் கண்காணிப்போரின் பார்வைக்கு உட்பட்டுவிடும் என்று காட்டினர்.

இன்னொரு செய்தியும் இங்கு குறிப்பிடத்தக்கது. வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தார் 2008 இல், எக்கோப்பையும் பெறாத தமது அச்சுப்பொறிகளின் ஐ.பி. இலக்கங்களைக் கூட்டத்தின் பதிவேட்டில் இடம்பெறச் செய்தனர். திரைப்படங்களைத் திருட்டுத்தனமாகப் பெற்றதாக அவ்வச்சுப்பொறிகளின்மீது பதிப்புரிமை முறைப்பாடுகள் வந்து சேர்ந்தன! நகைப்புக்குரியதாகத் தோன்றினும் இதன் உட்பொருள் பாரதூரமானது. ஐ.பி. இலக்கம் ஓர் இணைப்பையே காட்டும். அவ்விணைப்பைப் பயன்படுத்திய ஆளைக் காட்டாது. ஒரு வீட்டின் இணைப்பைக் குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்துவர். மாணவர் விடுதியொன்றிலே நூற்றுவர் பயன்படுத்தக்கூடும். செல்லிடத் தொலைபேசி இணைப்புக்களில் ஒரே இலக்கத்தைப் பல வாடிக்கையாளர் ஒருங்கே பகிர்வதும் உண்டு. எனினும் குற்றச்சாட்டு வந்து சேர்வது இணைப்புக்குப் பணம் செலுத்துபவரின் பெயருக்கே என்பதை மறத்தலாகாது.

அத்தகைய குற்றச்சாட்டுக்களின் சுமை எத்தகையோர்மீது வீழ்ந்தது? ஐக்கிய அமெரிக்காவின் இசைத்தட்டுத் தொழிற்றுறைச் சங்கம் 2003 செப்ரெம்பர் முதல் தனிநபர்கள்மீது வழக்குத் தொடரலாயிற்று. அக்கொள்கையைக் கைவிடுவதாக அது 2008 டிசெம்பரில் அறிவித்தபோது, ஏறத்தாழ 35,000 பேர் அந்நடவடிக்கைகளுக்கு உள்ளாகியிருந்தனர். முதற்றொகுதியில் இருந்தவர்களுள் நியூயோர்க் நகரின் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. பெரும்பாலோர் வழக்காடும் வசதியின்றிச் சில ஆயிரம் டொலர் கொடுத்து இணங்கிப் போயினர். எதிர்த்து நின்ற மினசோட்டா மாநிலத்துப் பெண்ணொருவர்மீது, 24 பாடல்களுக்காக, 2007 இல் 2,22,000 டொலர் நட்டஈடு விதிக்கப்பட்டது. மறுவிசாரணையில் அது 19 இலட்சத்து 20 ஆயிரம் டொலராக உயர்ந்து, 2012 இல் மேன்முறையீட்டு மன்றத்தினால் மீண்டும் 2,22,000 டொலர் ஆயிற்று. பதிப்புரிமை மீறலை நாம் ஆதரிப்பதாக எவரும் கருதவேண்டியதில்லை. எழுத்தாளனும் இசைஞனும் தம் உழைப்பின் பயனைப் பெறுதல் வேண்டும். எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அவ்வுரிமையைப் பாதுகாப்பதோடு, நியாயமான பயன்பாட்டுக்கும் இடமளிக்கின்றது. எனினும் பாடலொன்றுக்கு 9,000 டொலருக்கு மேற்பட்ட தண்டம் எந்த உழைப்பாளியின் கூலியை ஈடுசெய்தது என்ற வினா எழுவதைத் தவிர்க்க முடியாது.

வழக்கினும் கொடிய தீங்கு ஒன்றுண்டு. பகிர எண்ணாதது பகிரப்படுதலே அது. நதானியல் குட், ஆரன் கிரெக்கல்பேர்க் ஆகிய ஆய்வாளர், அந்நாளிற் பிரபலமாயிருந்த கசா என்னும் மென்பொருளை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முக்கியமானது. அவர்கள் பன்னிருவரிடம் ஒரு கணினியைக் கொடுத்து, அதிலிருந்து எவை பகிரப்படுகின்றன என்று கண்டறியுமாறு கேட்டனர். சரியாகக் கண்டறிந்தோர் இருவரே. வலையமைப்பில் அவர்கள் தேடிப்பார்த்தபோது, தம்மையறியாமலே தமது மின்னஞ்சற் பெட்டி முழுவதையும் உலகிற்குத் திறந்துவைத்திருந்தோர் பலர் அகப்பட்டனர். சேமிப்பதற்கெனப் பயனாளர் தெரிந்தெடுத்த கோப்புறையே பகிர்வுக்குரிய கோப்புறையாகவும் ஆகிவிடும் வகையில் மென்பொருள் அமைந்திருந்ததே காரணம். ஒருவர் தமது வன்தட்டு முழுவதையும் தெரிந்தெடுத்திருப்பின் முடிவு சொல்லாமலே விளங்கும்.

இது பாமரரின் அறியாமை என்று ஒதுக்கற்பாலதன்று. 2009 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஒழுக்காற்றுக் குழுவினது இரகசிய ஆவணமொன்று, வீட்டிலிருந்து பணிசெய்த ஊழியர் ஒருவரின் கணினியிலிருந்த பகிர்வு மென்பொருள் வழியாக வெளியேறிப் பத்திரிகையின் கைக்குச் சென்றது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில், அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, வாடிக்கையாளர், ஊழியர் ஆகியோரின் விபரங்கள் இவ்வழியே கசிந்துள்ளன என்று ஏறத்தாழ நூறு நிறுவனங்களுக்கு அறிவித்தல் அனுப்பியது. சமூக ஆய்வில் ஈடுபடும் எம்மனோர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். பெயர் வெளிவராது என்ற உறுதிமொழியின்பேரில் ஒரு தோட்டத் தொழிலாளியோ இடம்பெயர்ந்த தாயொருத்தியோ கூறிய வாக்குமூலம், ஆய்வாளரின் மடிக்கணினியில் ஒலிப்பதிவாக இருக்கின்றது. அதே கணினியில் பகிர்வு மென்பொருளும் இயங்குகின்றது. இங்கே தவறுதலின் விலையைக் கொடுப்பவர் ஆய்வாளர் அல்லர். எனவே, கள ஆய்வுத் தரவுகள் உள்ள கணினியில் இத்தகைய மென்பொருளை நிறுவாதிருத்தலே முறை. வேறு கணினி இல்லாதவிடத்துத் தனியானதொரு பயனாளர் கணக்கைத் திறந்து, அதில் வெறுமையான புதுக் கோப்புறை ஒன்றை மாத்திரம் பகிர்வுக்கு ஒதுக்கி, தரவுகளை மறைகுறியாக்கி வைத்தல் வேண்டும்.

அந்தரங்கம் பேணும் வழிகளாகப் பரவலாகக் கூறப்படுவன சிலவற்றை இனி நோக்குவோம். பிற்ரொறன்ற் மென்பொருள்களில் உள்ள மறைகுறியாக்கத் தெரிவு அவற்றுள் ஒன்று. இணையச் சேவை வழங்குநர் இப்போக்குவரத்தை இனங்கண்டு தடுப்பதைக் கடினமாக்கவே அது எழுந்தது. அத்தகைய தடுப்பு கற்பனையன்று: அமெரிக்காவின் கொம்காஸ்ற் நிறுவனம் பிற்ரொறன்ற் இணைப்புக்களை இரகசியமாகத் துண்டித்து வருவதை 2007 இல் அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் பரிசோதித்து வெளிப்படுத்தியது. பரிசோதனைக்கு அவர்கள் பயன்படுத்திய கோப்பு, எவரது பதிப்புரிமைக்கும் உட்படாத பழைய ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு! ஆயின் கூட்டத்தில் உள்ள ஏனையோரிடமிருந்து இம்மறைகுறியாக்கம் எதனையும் மறைப்பதில்லை. மறுமுனையில் இருந்து துண்டுகளைப் பெறுபவர் கண்காணிப்பாளராகவே இருக்கலாம்.

வி.பி.என். எனப்படும் இடைவழிச் சேவையைப் பயன்படுத்தின், கூட்டத்தினருக்குத் தெரிவது அச்சேவையின் முகவரியாகும். இது ஓரளவு பயன்தரும். எனினும் முன்னர் சேவை வழங்குநர் அறிந்திருந்தவற்றை இப்பொழுது வி.பி.என். நிறுவனம் அறியும், நம்பிக்கை இடம்மாறுகின்றதேயன்றி அதன் தேவை அற்றுப்போவதில்லை. இலவசமாக வழங்குவோர் எவ்வழியில் வருமானம் பெறுகின்றனர் என்று கேட்டறிதல் நன்று. மேலும், அவ்விணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் மென்பொருள் சாதாரண இணைப்புக்கு மாறி உண்மை முகவரியை வெளியிட்டுவிடும். ஆதலால் வி.பி.என். வழியன்றி வேறு வழியில் இயங்காதவாறு பகிர்வு மென்பொருளின் அமைப்புக்களிலேயே கட்டுப்படுத்தல் அவசியம்.

ரோர் வலையமைப்பு இப்பணிக்கு முற்றிலும் பொருந்தாது. பிற்ரொறன்ற் மென்பொருள்கள் சில தமது உண்மை முகவரியைச் செய்தியின் உள்ளேயே எழுதி அனுப்புகின்றன. பகிர்ந்த பதிவேட்டுக்கான வினாக்களோ ரோர் ஏற்றுச்செல்லாத வகையைச் சேர்ந்தவையாதலின் அதற்கு வெளியே நேராகச் செல்கின்றன. 2011 இல் வெளியான ஆய்வொன்று இவ்வழியே 10,000 ரோர் பயனாளரின் உண்மை முகவரிகளைக் கண்டறிந்தது. அதனினும் மேலாக, அதே வேளையில் அவர்கள் பார்வையிட்ட ஏனைய பக்கங்களையும் அவர்களோடு தொடர்புபடுத்த முடிந்தது. ரோர் பேரளவான கோப்புக்களைத் தாங்கும் வலுவும் உடையதன்று. உயிராபத்தின் மத்தியில் அதனை நாடும் பத்திரிகையாளரின் வழியை ஒரு திரைப்படத்துக்காக அடைத்தல் அறமாகாது.

பெறும் கோப்பின் நம்பகத்தன்மையையும் சுருங்கக் கூறவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற எண்ணொன்று உண்டு. வழியில் ஒருவர் துண்டை மாற்றினால் அது நிராகரிக்கப்படும். ஆனால் மூலக்கோப்பே தீயதாயின் அத்தீமையும் பழுதின்றி வந்துசேரும். பகிர்வு மென்பொருளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2016 மார்ச்சில், ட்ரான்ஸ்மிஷன் என்னும் நன்மதிப்புப் பெற்ற மென்பொருளின் மக்கின்ரொஷ் பதிப்பிலே, கோப்புக்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சு நிரல் அதன் சொந்தத் தளத்திலேயே புகுத்தப்பட்டிருந்தது. பெறுகின்ற கோப்பு ஆவணமாக இருக்கவேண்டிய இடத்தில் இயங்கு நிரலாக இருப்பின் அதனைத் திறவாது அழித்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், சகபாடி முறையையே கைவிடுமாறு கூறுகின்றோமா என்ற வினா எழலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் பிரதியற்ற ஏடுகளும் அழிந்தன. பல பிரதிகள் பல இடங்களில் இருத்தலின் பெறுமதியை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொதுவுடைமையான நூல்கள், உரிமையாளர் மனமுவந்து வெளியிட்ட ஆய்வுகள், கட்டற்ற மென்பொருள்கள் ஆகியவற்றைப் பிற்ரொறன்ற் வழியே பகிர்வதிற் பெயரை மறைக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. இன்ரர்நெற் ஆக்கைவ் நிறுவனம் 2012 முதல் தனது சேகரிப்பை இவ்வழியிலும் வழங்கிவருகின்றது. ஆயினும் ஒருவர் எதனை வாசிக்கிறார் என்பதே ஆபத்தை விளைவிக்கும் சூழலில், சட்டபூர்வமான நூலும் விதிவிலக்காகாது.

அறிந்தோர் சிலருக்கிடையே மாத்திரம் பகிரவேண்டியவற்றுக்குத் திறந்த கூட்டம் ஏற்றதன்று. ஆய்வுக் குழுவொன்று தன் கோப்புக்களைத் தம்முள் ஒத்திசைவாக வைத்திருக்க சிங்திங் எனும் கட்டற்ற மென்பொருள் உதவும். இரு தரப்பாரும் தமது கருவிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தினாலன்றி அது எதனையும் அனுப்பாது, அனுப்புவதும் மறைகுறியாக்கப்பட்டே செல்லும். ஒரு தடவை மாத்திரம் ஓர் ஆவணத்தை ஒருவரிடம் சேர்ப்பிக்க ஒனியன்ஷெயர் உண்டு. 2014 இல் வெளிவந்த இது, ரோர் வலையமைப்பினூடாக அனுப்புவோரின் கணினியிலிருந்தே கோப்பை வழங்கி, பெற்றுக்கொண்டதும் தானே நின்றுவிடும். அதற்குரிய முகவரியையும் திறப்பையும் பெறுபவரிடம் சேர்ப்பிக்கும்போது, அவற்றைச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பாது, நேரிலோ மறைகுறியாக்கப்பட்ட செய்தி வழியாகவோ கொடுத்தல் வேண்டும்.