உங்களுக்குத் தெரியுமா? கரைக்குள் ஒரு தேவாலயம்

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், வயல்வெளி நடுவே கூரையின்றி நிற்கிறது நோல்டன் தேவாலயம். கட்டியது 12ஆம் நூற்றாண்டில். ஆனால் அது நிற்கும் இடம் அதைவிட 3,000 ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது! புதிய கற்கால மக்கள் எழுப்பிய வட்டமான மண்கரையின் நட்டநடுவில்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள்.

கோட்டை என்றால் அகழி வெளியே, மதில் உள்ளே. நோல்டனில் அப்படியே தலைகீழ்: கரை வெளியே, அகழி உள்ளே. பகைவனைத் தடுக்க நினைப்பவர் இப்படி வெட்டமாட்டார். அதனால்தான் இதைச் சடங்குகள் நடந்த இடமாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இத்தகைய வட்டங்களுக்கு 'ஹெஞ்ச்' என்று பெயர்.

பழைய கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் அகற்றிவிட்டுத் தேவாலயமாக மாற்றுங்கள் என்று போப் முதலாம் கிரகரி இங்கிலாந்துக்கு எழுதியனுப்பியது கி.பி. 601இல். நோல்டன் எழுந்தது அதற்கு 500 ஆண்டுகள் கழித்து. அந்தக் கடிதத்தின் விளைவு இது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சுற்றிலும் அத்தனை நிலம் கிடக்க, கரைக்குள் போய் அஸ்திவாரம் தோண்டியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பாவில் 'ரோமனெஸ்க்' எனப்படும் கட்டடக்கலைக்கு இங்கிலாந்தில் 'நார்மன்' என்று பெயர். 1066இல் நாட்டைப் பிடித்த நார்மன்கள் அதைப் பரவலாக்கியதே காரணம். தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் அதன் அடையாளம். பலிபீடப் பகுதிக்கு முன்னால் அப்படியொரு வளைவு நோல்டனில் இன்னும் நிற்கிறது. சுவர்களில் பெரும்பகுதி சக்கிமுக்கிக் கல். கோபுரம் மட்டும் பிற்காலச் சேர்க்கை.

தேவாலயத்தை ஒட்டியிருந்த ஊர் இப்போது இல்லை. கொள்ளைநோயில் அழிந்தது என்கிறார்கள். ஊர் போன பிறகும் வழிபாடு நெடுங்காலம் நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் கூரை சரிந்தது, அத்தோடு கைவிட்டார்கள்.

மணி? அதைத் திருடியவர்கள் பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்து ஸ்டவர் ஆற்றில் போட்டுவிட்டதாக அந்த வட்டாரத்தில் ஒரு கதை உண்டு.

பக்கத்திலேயே இதைவிடப் பெரிய இன்னொரு வட்டமும் இருக்கிறது. அதைப் பிளந்துகொண்டு தார்ச்சாலை ஓடுகிறது; உள்ளே ஒரு பண்ணை. காரில் போகிறவர்கள் கற்கால வட்டத்தைக் கடப்பது தெரியாமலே கடந்துபோகிறார்கள்.