வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள்: சிறு பண்ணைக்கு ஒரு புது வாடிக்கை

கத்தரி காய்த்துக் குலுங்கும் நேரத்தில்தான் விலை விழும். பாகூர் பக்கமிருந்தோ வில்லியனூர் பக்கமிருந்தோ விடியற்காலையில் மூட்டையோடு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு வந்து சேரும் சிறு விவசாயிக்கு இது புதிய சங்கதி அல்ல. பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது டீச் செலவுக்குத்தான் காணும். எல்லோரும் கொண்டுவரும் அதே பொருளை, அதே நேரத்தில், அதே இடத்தில் விற்க நிற்பதால் வரும் வினை இது.

வேறு யாரிடம் விற்பது? புதுச்சேரி நகரிலும் சுற்றுப்புறத்திலும் நாம் அதிகம் கவனிக்காத ஒரு கூட்டம் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் குடும்பங்கள் அவை. எண்ணிக்கையில் சிறியவை. ஆனால் அரைக் காணி, ஒரு காணி வைத்திருக்கும் விவசாயிக்குப் பத்துக் குடும்பங்கள் நிலையாகக் கிடைத்தாலே பெரிய காரியம்.

யார் இந்தக் குடும்பங்கள்?

இந்த முறைக்கு வீட்டுவழிக் கல்வி என்று பெயர். ஹோம்ஸ்கூலிங் என்றும் சொல்வார்கள். தாயோ தந்தையோ ஆசிரியர். வீடும் ஊரும் வகுப்பறை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 1-4-2010 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி உரிமை என்கிறது அது. வீட்டில் கற்பிப்பதைப் பற்றி அந்தச் சட்டம் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. இவ்வாறு படிக்கும் பிள்ளைகளில் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகத்தின் மூலம் தேர்வு எழுதுகிறார்கள். 14 வயது நிறைந்தவர் அதில் 10-ஆம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம்.

புதுச்சேரிக்கு இத்தகைய சிந்தனை புதிதல்ல. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943 டிசம்பரில் தொடங்கியது. பட்டமும் சான்றிதழும் கொடுக்காத கல்வி நிலையம் அது. 28-2-1968 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. அங்கும் பிள்ளைகள் தம் போக்கில் கற்க இடம் தரும் பள்ளிகள் உண்டு. இவை வீட்டுவழிக் கல்வி அல்ல, பள்ளிகளே. ஆயினும் மாற்றுக் கல்வியில் நாட்டமுள்ள பெற்றோரை இந்த வட்டாரத்துக்கு இழுத்து வருவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

நம்மை ஆண்ட பிரான்சில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியைத்தான் கட்டாயமாக்கியது; பள்ளிக்கூடத்தை அல்ல. வீட்டில் கற்பிக்க விரும்புவோர் அரசுக்குத் தெரிவித்தால் போதும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2022 முதல்தான் அங்கே முன்னனுமதி தேவை என்றானது.

பெரிய புதுமை என்று எண்ண வேண்டாம். மகாத்மா காந்தி 1910-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, அங்கிருந்த பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொன்னார். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தோட்ட வேலையும் பாடமும் அங்கே ஒன்றாகவே நடந்தன.

இவர்களுக்கு என்ன வேண்டும்?

காய்கறி மட்டும் வேண்டுமென்றால் அவர்கள் கடைக்கே போவார்கள். இவர்களுக்கு வேண்டியது பிள்ளைக்குப் பாடம். விதை எப்படி முளைக்கிறது, குஞ்சு எத்தனை நாளில் பொரிக்கிறது, மண்புழு என்ன செய்கிறது என்பதைப் படத்தில் காட்டுவதைவிடக் கண்ணால் காட்ட ஆசைப்படுகிறார்கள். அதைக் காட்ட நகரத்தில் இடமில்லை. நம்மிடம் இருக்கிறது. நாம் அன்றாடம் செய்யும் வேலை என்பதால் அதற்கு விலை உண்டு என்பதே நமக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வசதி, நாள். சனி, ஞாயிறில் புதுச்சேரி முழுவதும் சுற்றுலாக் கூட்டம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வருவதும் அன்றுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைகளோ செவ்வாய்க்கிழமை காலையிலும் வர முடியும். அமெரிக்காவில் பல பண்ணைகள் இந்தக் குடும்பங்களுக்கென்றே வாரநாளில் ஒரு நாளை ஒதுக்குகின்றன. சாலை நெரிசல் இல்லாத நாளில் வந்து, அவசரமில்லாமல் பார்த்து, போகும்போது காய்கறியும் வாங்கிப் போகும் வாடிக்கை இது.

என்ன காட்டலாம்?

பருவத்தை ஒட்டித் திட்டமிட வேண்டும். நமக்கு சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் இருக்கிறது. நாற்றங்கால், நடவு, அறுவடை என்று ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஒரே குடும்பம் மூன்று முறை வந்தால் நெல்லின் முழு வாழ்வையும் பார்த்துவிடும்.

விதை நேர்த்தியைக் காட்டுங்கள். வாளித் தண்ணீரில் புதிய முட்டை ஒன்றைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போனால், முட்டை மேலெழுந்து நாணயம் அளவுக்குத் தலைகாட்டும். அந்த நீரில் விதை நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். தரமான விதை அடியில் தங்கும். அந்த விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். விவசாயிக்கு இது விதைத் தேர்வு. பிள்ளைக்கோ அடர்த்தி பற்றிய விஞ்ஞானப் பாடம்.

100 விதையை ஈரச் சாக்கில் கட்டி வைத்து, முளைத்ததை எண்ணச் சொல்லுங்கள். சான்று பெற்ற நெல் விதையில் 80-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். சதவீதக் கணக்கு பிள்ளைக்குத் தானாகவே புரியும்.

நம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை இன்னும் வேடிக்கை. பூ மேலே பூக்கிறது, காய் மண்ணுக்குள் காய்க்கிறது. மஞ்சள் பூ வாடியபின் விழுது இறங்கி மண்ணில் நுழைவதைக் காட்டினால் பெரியவர்களே வியந்து போவார்கள். விழுது இறங்கும் நேரத்தில் மண்ணைக் கிளறக் கூடாது. எனவே பிள்ளைகளை வரப்பிலேயே நிறுத்திக் காட்டுங்கள். ஏன் உள்ளே விடவில்லை என்று சொல்வதும் ஒரு பாடம்தான்.

நாட்டுக்கோழி அடைகாப்பது 21 நாள். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்தால் உள்ளே நரம்பு தெரியும். கரு கூடாத முட்டை வெளிச்சமாகவே இருக்கும். தேனீப் பெட்டி, காளான் குடில் போன்றவற்றுக்கு முதலில் நாம் கற்க வேண்டும். குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிப் பயிற்சி பற்றிக் கேட்டறியலாம்.

கணக்கு போட்டுப் பாருங்கள்

எண்கள் உதாரணத்திற்கு மட்டுமே. மாதத்தில் ஒரு செவ்வாய் என்று வைத்துக்கொள்வோம். 8 குடும்பங்கள் வருகின்றன. குடும்பத்துக்கு 300 ரூபாய் கட்டணம் என்றால் வரவு 2,400. கூடமாட ஒருவருக்குக் கூலி 600, மோர், அவித்த கடலைக்கு 400, பிள்ளைகள் கொண்டுபோக விதைப் பொட்டலம், தொட்டிக்கு 300 என்று செலவு 1,300. மிச்சம் 1,100. போகும்போது குடும்பத்துக்கு 200 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினால் இன்னொரு 1,600 ரூபாய்க்கு வியாபாரம். அந்தக் காய்க்கு வண்டி வாடகையும் இல்லை, கமிஷனும் இல்லை.

தலைக்கு இவ்வளவு என்று வாங்காமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். வீட்டில் கற்பிக்கும் குடும்பத்தில் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவர் சம்பள வேலையை விட்டிருப்பார். எல்லோரும் பணக்காரர் அல்லர். மூன்று பிள்ளையோடு வரும் தாய்க்குத் தலைக்கட்டணம் சுமையாகும்.

நன்கு பழகியபின் வாரக்கூடை முறைக்குப் போகலாம். மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, வாரம் ஒரு கூடை அந்தந்தப் பருவத்துக் காய், கீரை தருவது. ஜப்பானில் 1970-களிலேயே விவசாயிகளும் இல்லத்தரசிகளும் இப்படி நேரடியாகக் கைகோத்தனர். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் இது பரவத் தொடங்கியது. ஆரோவில்லில் சாலிட்யூடு பண்ணை இத்தகைய கூடை முறையை நடத்தியிருக்கிறது. மழையில் கீரை அழுகினால் கூடையில் குறையும். நன்றாக விளைந்தால் கூடும். இதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

செய்தி எப்படிப் போகும்?

சுவரொட்டியும் நோட்டீசும் இங்கே வீண் செலவு. இந்தக் குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்தவை. பூங்காவிலும் நூலகத்திலும் கூடுபவை. கைப்பேசிக் குழுக்களில் பேசிக்கொள்பவை. ஸ்வசிக்ஷண் என்ற பெயரில் நாடளாவிய பெற்றோர் அமைப்பும் உண்டு. ஒரு தாய் மனம் நிறைந்து சொன்னால் பத்து வீட்டுக்குப் போகும். ஒரு தாய் முகம் சுளித்தால் அதுவும் பத்து வீட்டுக்குப் போகும்.

எனவே முதலில் இரண்டு குடும்பங்களை மட்டும் அழையுங்கள். கட்டணம் வேண்டாம். எது பிடித்தது, எது அலுத்தது என்று பிள்ளைகளையே கேளுங்கள். பிறகு ஆண்டு முழுவதற்கும் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாதம் என்ன வேலை, எந்தச் செவ்வாய், என்ன கட்டணம். இந்தப் பெற்றோர் பாடத்தை முன்கூட்டியே திட்டமிடுபவர்கள். திட்டத்தாள் கையில் இருந்தால் உங்கள் நிலத்தை அவர்கள் பாடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தமிழில் எழுதினால் போதும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

தவறக் கூடாதவை

கிணற்றுக்குத் தடுப்புச் சுவரோ வலையோ இல்லாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விடாதீர்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். மருந்தடித்த வயலுக்குக் காத்திருக்கும் நாள் முடியும்வரை யாரையும் அழைக்காதீர்கள். மின்மோட்டார் கம்பி, மாட்டின் கொம்பு, புதரிலுள்ள பாம்பு ஆகியவற்றை முதல் நாளே பார்த்துச் சரிசெய்யுங்கள். பெற்றோர் கூடவே இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதியாக இருக்கட்டும். கைகழுவச் சோப்பும் சுத்தமான கழிப்பறையும் இல்லாவிட்டால் மறுமுறை வரமாட்டார்கள்.

யூரியா போட்டுவிட்டு "இயற்கைக் காய்" என்று சொல்லாதீர்கள். இந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்டே வளர்பவர்கள், துருவிக் கேட்பார்கள். "இந்த வயலுக்கு உரம் போட்டேன், அந்தப் பாத்திக்குத் தொழுவுரம் மட்டும்தான்" என்று உள்ளதைச் சொன்னால் மதிப்பு கூடும். இயற்கை முறையில் செய்பவர்கள் குழுவாகச் சேர்ந்து பி.ஜி.எஸ். சான்று பெற வழி உண்டு. சமைத்த உணவைக் காசுக்குக் கொடுப்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள்.

பள்ளிக்கூடத்தைப் பழித்துப் பேசி அவர்களைக் குளிர்விக்க வேண்டாம். நம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்தப் படிப்பு அவர்களுக்குத் தேவை. வீட்டுவழிக் கல்வி சரியா தவறா என்ற வழக்கு நமக்கு வேண்டாம்.

இந்த வாடிக்கையை நம்பி மார்க்கெட்டை விட்டுவிடவும் வேண்டாம். பத்துக் குடும்பங்கள் ஒரு காணி விளைச்சல் முழுவதையும் வாங்கிவிடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யாரும் வரமாட்டார்கள். இது பக்க வருமானம்; விலை விழும் வாரத்தில் தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கொம்பு.

பாகூருக்குக் கல்வியோடு பழைய உறவு உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அன்று வயல் விளைச்சல் படிப்பைத் தாங்கியது. இன்று படிக்க வரும் பிள்ளைகள் வயலைக் கொஞ்சம் தாங்கட்டுமே.

"இந்த மண்ணு நம்மோடு போகட்டும், நீ படித்து வேறு வேலைக்குப் போ" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்காமலே விட்டோம். நகரத்துப் பிள்ளை பணம் கொடுத்து அதைக் கற்க வரும் நாளில், உங்கள் வீட்டுப் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை நாளில் தெருப் பிள்ளைகளையும் காசில்லாமல் கூப்பிடுங்கள். அப்பாவுக்கு இவ்வளவு தெரியுமா என்று அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு எந்தக் கமிஷன்காரரும் விலை போட முடியாது.